நிபந்தனையோடு நீட்டிய கை

பர்ஜஸ் வாயைத் திறந்தால் எங்கள் ஊர் ஷுகைராவின் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். ரொம்ப வருஷம் லாரி ஓட்டியவன். எஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை. என் அத்தர்க் கடைக்கும் அவனுடைய கேசட் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் யாருக்காவது வாசனைக்கு எரிக்கும் ஊதுகட்டையைப் புகைத்துக் காட்டிக்கொண்டிருப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஃபுஹைத், அந்தக் கட்டை கம்போடியாவுல இருந்தா வந்துச்சு? உன் வீட்டு அடுப்புல இருந்துல்ல வந்துச்சு!” என்று குரல் வரும். வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார்.

ஊரில் எல்லாரும் அவனை ‘அபூ துகைல்’ என்றுதான் கூப்பிடுவோம். துகைலின் அப்பா என்று அர்த்தம். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்பதால் மகன் பிறக்கும் முன்னாலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிறந்தது மூன்றும் பெண்கள். “வராத மவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க, வந்த மூணு பேரும் என்னைத்தான் முறைக்கிறாளுங்க” என்பான்.

லாரி ஓட்டிய காலத்தில் பாட்டு இல்லாமல் அவன் வண்டி நகராது. ஒரு பயணத்தில் வண்டி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி அங்கேயே உயிரை விட்டான். அதற்குப் பிறகு பர்ஜஸ் தாடி வளர்த்தான், பாட்டை விட்டான், லாரியை விற்றுவிட்டு மார்க்கச் சொற்பொழிவுக் கேசட்டுகள் விற்கும் கடையைப் போட்டான். புதிதாகத் திருந்தியவனுக்கு உரிய கெடுபிடி அவனிடமும் இருந்தது. பெண்களுக்கு நேராக நின்று அத்தர் விற்கிறேன் என்று என்னோடு சண்டை போட்டான். மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா வைத்த எதிர்வீட்டுக்காரனுக்கு ஒரு வருஷம் ஸலாம் சொல்லவில்லை. அவனைப் பெரிய மகானாகக் காட்டுவதற்காக இதையெல்லாம் மறைக்க எனக்கு மனசில்லை.

அமெரிக்கப் படைகள் எங்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்திருந்த வருஷம் அது. எங்கள் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பிரசங்கம் செய்தவர் ஷேக் அப்துல் முஹ்சின். சின்ன உருவம், மெல்லிய குரல். ஆனால் அவர் பேச ஏறினால் தெருவில்கூடப் பாய் விரிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர் பைஅத்தைப் பற்றிப் பேசினார். அரசருக்குக் குடிமக்கள் கை கொடுத்து விசுவாசம் சொல்கிறோமே, அதுதான் பைஅத்.

“அது அடிமைப் பத்திரம் அல்ல, ஒப்பந்தம்” என்றார் ஷேக். “நாம் கீழ்ப்படிவதாகச் சொல்கிறோம். அவர் நீதி செய்வதாகவும், மக்களைக் கலந்து நடப்பதாகவும், பொதுச் சொத்துக்குப் பதில் சொல்வதாகவும் ஒப்புக்கொள்கிறார். அந்நியப் படையை அழைத்தபோது யாரைக் கலந்தார்கள்? ஒரு பக்கம் மட்டும் கட்டுப்படுவதற்குப் பெயர் ஒப்பந்தமா?”

தொழுகை முடிந்து வெளியே வந்ததும் பர்ஜஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“ஃபுஹைத், லாரி வாடகை பேசும்போது என்ன பேசுவோம்? நான் சரக்கை ஒழுங்கா சேக்கணும், அவன் காசை ஒழுங்கா குடுக்கணும். ரெண்டு பக்கம். இவ்வளவு பெரிய நாட்டு விஷயத்துல நான் இதை யோசிக்கவே இல்லையேடா!”

“மெதுவா பேசுடா, தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்.”

அவன் வாழ்க்கையில் பிடித்துக்கொண்ட ஒரே கருத்து அதுதான். அதற்கு மேல் அவன் பெரிதாகப் படிக்கவுமில்லை.

அந்தப் பிரசங்கத்தைப் பதிவு செய்த கேசட் மாகாணம் முழுக்கப் பரவியது. பர்ஜஸின் கடையில் பிரதி எடுக்கும் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. கொஞ்ச நாளில் ஷேக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேசட்டுக்குத் தடை வந்தது. கடைத்தெருவில் இருந்த மற்றக் கேசட் கடைக்காரர்கள் எல்லாரும் அதை ஒளித்தார்கள். பர்ஜஸ் மட்டும் அதைக் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் வைத்தான். கடைக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முன்னாலேயே அவன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுச் சமையலறையில் வைத்தான்.

அவன் மனைவி துர்ஃபா பெண்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவள். நாக்குக் கூர்மை. கணவன் இயந்திரத்தோடு வந்து நின்றபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “இதை அடுப்புப் பக்கம் வெச்சா நான் ஜரீஷ் எங்க கிண்டுறது?” பிறகு கோதுமைக் கஞ்சிப் பானையை முற்றத்துக்கு மாற்றிக்கொண்டாள். கேசட்டுகளின் மேல் ‘சிறுவர்களுக்கான ஓதல் பாடம்’ என்று ஒட்டியது அவள்தான். கல்யாண வீடுகளுக்கு கறுப்பு அபாயா அங்கிக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் பெண்களிடம் கொடுத்ததும் அவள்தான்.

ஒரு நாள் மதியத் தொழுகை முடிந்து வரும்போது பர்ஜஸைப் பள்ளிவாசல் படியிலேயே வைத்துப் பிடித்தார்கள். செருப்பைக்கூடப் போடவில்லை. “செருப்பு! என் செருப்பு!” என்று அவன் கத்தியது தெரு முனைவரை கேட்டது. நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கார் போய்விட்டது.

விசாரணையில் நடந்ததை அவன் பிற்பாடு சொன்னான். அடி இருந்தது. தூங்கவிடாமல் நிற்க வைத்தார்கள். அதைப் பற்றிப் பேச அவனுக்கு விருப்பமில்லை, நானும் கிளறவில்லை. அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு காகிதத்தைப் பற்றி. அதில் இரண்டே வரிகள். இனிமேல் தடை செய்த கேசட் விற்க மாட்டேன் என்பது முதல் வரி. அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்க எனக்கு உரிமையில்லை, கேட்டது குற்றம் என்பது இரண்டாவது.

“முதல் வரிக்குக் கையெழுத்துப் போடறேன்” என்றானாம். “கடைக்கு உங்க சட்டம், சரி. ரெண்டாவதை அடிச்சிடுங்க.”

அதிகாரி மரியாதையான ஆள். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “அபூ துகைல், நீங்க யாரு? அமைச்சரா? மார்க்கம் படிச்ச ஆலிமா? லாரி ஓட்டினவரு. ராஜாங்க விஷயம் உங்களுக்கு எதுக்கு?”

“நான் யாருமில்லைன்னா என் கை உங்களுக்கு எதுக்கு? பைஅத்துக்கு மட்டும் பஸ் வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்களே!”

அந்தப் பதிலோடு தேநீர் நின்றது.

வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அவன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. துர்ஃபா போகாத அலுவலகம் கிடையாது. கடைசியில் ஒரு நாள் என் மனைவியிடம் வந்து, “உன் புருஷன்கிட்ட கார் எடுக்கச் சொல்லு. ஆளுநர் மாளிகைக்குப் போகணும்” என்றாள்.

வாரத்தில் ஒரு நாள் ஆளுநர் சபை கூட்டுவார். குடிமகன் எவனும் நேரே போய்ப் பேர் சொல்லி அழைத்துக் குறையைச் சொல்லலாம். எங்கள் அரசர்களின் பெருமையாகத் தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுவதும் அதைத்தான். வாசலில் ஆளுநரின் செயலர் தடுத்தார்.

“அம்மா, பொம்பளைங்க மனுவை மஹ்ரம்தான் கொண்டு வரணும். புருஷனோ, அப்பாவோ, கூடப்பொறந்தவரோ.”

“என் மஹ்ரம் உங்ககிட்டதான இருக்காரு! வெளிய அனுப்புங்க. அவருகிட்டயே மனுவைக் குடுத்து விடறேன்.”

வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்துவிட்டார்கள். செயலர் முகம் கறுத்தது. “வேற ஆம்பளை யாருமே இல்லையா?”

“அப்பா மண்ணுக்குள்ள. அண்ணன் தம்பி கிடையாது. மருமவன் வரணும்னா மூத்தவளுக்கு இன்னும் பால்பல்லே விழல. காத்திருப்பீங்களா?”

“பிறகு வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். துர்ஃபா படியிலேயே உட்கார்ந்தாள். நல்ல வெயில். கூட வந்த என் மனைவி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். காவலர்கள் சுற்றி நின்று கெஞ்சினார்கள். ஒரு பெண்ணைத் தொட்டுத் தூக்க அவர்களால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். பிற்பகல் அஸர் தொழுகைக்கு ஆளுநர் பரிவாரத்தோடு வெளியே வந்தபோது எழுந்து நின்றாள்.

“அமீரே! இந்தக் கதவு எல்லாருக்கும் தொறந்திருக்குன்னு டிவியில சொல்றீங்க. தொறந்த கதவுக்கு வெளியிலயே காலையில இருந்து உக்காந்திருக்கேன். ஒண்ணு கதவை மூடுங்க, இல்லாட்டி அந்தப் பேச்சை நிறுத்துங்க.”

ஆளுநர் நின்றார். வயதானவர், பழக்கப்பட்ட முகம். “உன் புருஷன் என்ன செஞ்சாரு?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். எந்தக் கோர்ட்டுலயும் எந்தக் காஜி முன்னாலயும் நிறுத்தல. நிறுத்தியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், எனக்கும் தெரிஞ்சிருக்கும்.”

ஆளுநர் தன் தடியை ஊன்றித் திரும்பினார். பிறகு செயலரிடம், “பாக்க ஏற்பாடு பண்ணு” என்றார். அவ்வளவுதான். திரும்பும் வழியில் காரின் பின்சீட்டில் துர்ஃபாவின் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சந்திப்புக்கு அனுமதி கொடுத்ததில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. மனைவி அழுவாள், மூன்று பெண் பிள்ளைகளைச் சொல்லுவாள், அவன் கரைந்து கையெழுத்துப் போடுவான் என்று நினைத்தார்கள். அதிகாரி பக்கத்திலேயே அந்தக் காகிதத்தோடு நின்றார். துர்ஃபா கணவனை மேலும் கீழும் பார்த்தாள். பாதி உடம்பாகியிருந்தான்.

“புள்ளைங்க நல்லா இருக்காங்க. மூத்தவ ஓத ஆரம்பிச்சிட்டா” என்றாள். பிறகு காகிதத்தைக் காட்டி, “அதுல கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுல சோறு கிடையாது” என்றாள்.

அதைச் சொல்லும்போதெல்லாம் பர்ஜஸுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் நிறையும். “அன்னைக்கு ராத்திரிதான்டா நல்லா தூங்கினேன்” என்பான்.

சில வருஷங்களில் ஷேக் அப்துல் முஹ்சின் வெளியே வந்தார். வெளுத்த தாடியோடு தொலைக்காட்சியில் தோன்றினார். ஒற்றுமை, குழப்பம் தவிர்த்தல், தலைவருக்குக் கட்டுப்படுதல் என்றெல்லாம் பேசினார். அவரை உள்ளே என்ன செய்தார்களோ, அல்லது அவரே யோசித்து மாறினாரோ, அது எனக்குத் தெரியாது. அவருடைய கேசட்டுக்காக உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக அவர் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார்கள். பர்ஜஸ் மட்டும் மிச்சம். ஷேக்கையே சிறைக்கு அழைத்து வந்தார்கள்.

பர்ஜஸ் எழுந்து அவர் நெற்றியில் முத்தமிட்டான். மரியாதையில் குறை வைக்கவில்லை.

“அபூ துகைல், உங்களைப் பாத்தா என் மனசு வலிக்குது” என்றார் ஷேக். “நான் அப்போ சூட்டுல பேசினேன். நாடு உடைஞ்சா ரத்த ஆறுதான் ஓடும். பக்கத்து நாடுகளைப் பாருங்க.”

“ஷேக், நாட்டை உடைக்கணும்னு நீங்க அன்னைக்குச் சொல்லவே இல்லையே. ஒப்பந்தத்துக்கு ரெண்டு பக்கம்னுதான சொன்னீங்க? அந்தக் கேசட்டை எத்தனை தடவ பிரதி எடுத்திருப்பேன்! நீங்க எங்க இருமினீங்கன்னுகூட எனக்கு மனப்பாடம்.”

ஷேக் தலை குனிந்தார். “அந்தப் பேச்சை நான் திரும்ப வாங்கிட்டேன்.”

“நீங்க வாங்கிக்கலாம். உங்க பேச்சு. ஆனா நான் உங்க குரலுக்காக வரல. சொன்னது சரின்னு பட்டுச்சு, வந்தேன். நீங்க மாறினதால அது தப்பாயிடுச்சா? எங்க தப்புன்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

ஷேக் பெரிய படிப்பாளி, பதில் தெரியாதவர் இல்லை. பக்கத்தில் நின்ற அதிகாரியின் முன்னால் எதைச் சொன்னாலும் அது தனக்கே ஒட்டாது என்று தோன்றியிருக்கலாம். போகும்போது பர்ஜஸின் கையைப் பிடித்து, “எனக்காகத் துஆ செய்யுங்க” என்று மட்டும் கேட்டார்.

பழைய அரசர் இறந்து அவர் தம்பி பட்டத்துக்கு வந்தபோது பலரை விடுவித்தார்கள். கையெழுத்தில்லாமலேயே பர்ஜஸும் வெளியே வந்தான். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புது அரசருக்குக் கை கொடுக்க ஊரே மாளிகைக்குப் போக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அரசர் சார்பில் ஆளுநர் கை வாங்குவார். பர்ஜஸ் வீட்டுக்குத் தனியாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போக மாட்டான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்று காலையில் வெள்ளை வெளேரென்று உடுத்தி, என் கடைக்கு வந்து, “நல்ல அத்தரா ஒண்ணு பூசு. அடுப்புக் கட்டை வேணாம்” என்றான்.

“எங்கடா கிளம்பிட்ட?”

“கை குடுக்கத்தான். கூப்பிட்டிருக்காங்கல்ல?”

நானும் கடையை மூடிவிட்டுக் கூடவே போனேன். வரிசையில் அவனுக்குச் சற்று முன்னால் நான் நின்றேன். கை கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கித் திரும்பிப் பார்த்தேன். பர்ஜஸ் ஆளுநரின் கையைப் பிடித்தான். எல்லாரும் சொல்லும் வாசகத்தை, வேதத்தின்படியும் தூதரின் வழிப்படியும் கை கொடுக்கிறேன் என்பதை, ஒழுங்காகச் சொன்னான். பிறகு அந்த லாரிக்காரக் குரல் எழுந்தது.

“நீதி செய்யணும். மக்களைக் கலந்து கேக்கணும். காஜி முன்னால நிறுத்தாம ஒருத்தரையும் ஜெயில்ல வைக்கக் கூடாது. இந்த நிபந்தனையோட கை குடுக்கிறேன்.”

காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் கிண்ணம் நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை. ஆளுநர் கையை இழுத்தார். பர்ஜஸ் விடவில்லை.

“என் பக்கத்தைச் சொல்லிட்டேன் அமீரே. உங்க பக்கத்தைச் சொல்லுங்க.”

“அல்லாஹ் எல்லாருக்கும் நேர்வழி காட்டட்டும்.”

“ஆமீன். அது துஆ. நான் கேட்டது பதில்.”

காவலன் ஒருவன் முன்னால் வந்தான். ஆளுநர் கண்ணாலேயே அவனை நிறுத்தினார். அத்தனை பேர் பார்க்க, கை கொடுக்க வந்தவனை இழுத்துப் போட்டால் அந்தச் சடங்குக்கே அர்த்தமில்லாமல் போகும். பர்ஜஸ் தானாகத்தான் கையை விட்டான். ஸலாம் சொல்லி நகர்ந்தான்.

அவனுக்குப் பின்னால் நின்றவர் ஸுவைலிஹ் என்ற பேரீச்சந்தோட்டக்காரக் கிழவர். காது சுத்தமாகக் கேட்காது. ஆளுநர் கையைப் பிடித்து உரக்கச் சொன்னார்: “இப்ப ஒருத்தன் என்னமோ சொன்னானே, எனக்கும் அதேதான்!”

எங்கோ ஒருவன் குபுக்கென்று சிரித்தான். அப்புறம் மண்டபமே சிரித்தது. ஆளுநருக்கே உதடு துடித்தது. அன்றைக்குப் பிறகு ஊரில் பாதிப்பேர் தாங்களும் வாய்க்குள் அதே நிபந்தனையைச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அவனை மறுபடி உள்ளே போடவில்லை. கை கொடுத்தவனை எந்தக் குற்றத்தில் பிடிப்பது? ஆனால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். கடைக்கு உரிமம் மறுத்தார்கள். தண்ணீர் லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆரம்பித்தான்.

அவன் பெயர் பரவியதும் வேறு மாதிரி ஆட்களும் தேடி வந்தார்கள். வாலிபர்கள், ஆயுதத்தை நம்புகிறவர்கள். நானும் அன்று அவன் வீட்டு முன்னறையில் இருந்தேன். அரசன் மார்க்கத்தை விட்டே போய்விட்டான், அவனுடைய காவலர்களின் ரத்தத்தைச் சிந்தினால்கூடப் பாவமில்லை, உங்களைப் போல ஒருவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றார்கள்.

பர்ஜஸ் கேட்டான்: “நீங்க யாரைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தீங்க?”

“மார்க்கம் சொல்லுது மாமா.”

“மாளிகையில இருக்கிறவங்களும் அதையேதான் சொல்றாங்க. அவங்களும் என்னைக் கேக்கல, நீங்களும் என்னைக் கேக்கல. அவங்க ஜெயில்ல போட்டாங்க, நீங்க நேரா குழியிலயே போட்டுடுவீங்க போலிருக்கு. எழுந்திரிங்கடா. காபி குடிச்சாச்சுல்ல, கிளம்புங்க!”

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நின்று, “என் பேரைச் சொல்லிட்டு எவனும் துப்பாக்கி தூக்க வேணாம்” என்று அறிவித்தான். அப்படியும் அந்த வாலிபர்கள் வந்துபோனதற்காகக் காவல்துறை அவனை இரண்டு தடவை கூப்பிட்டு உட்கார வைத்தது. அந்த வாலிபர்கள் அவனைக் கோழை என்று சொல்லித் திரிந்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூத்தவள் ஹைஃபாவின் கல்யாணம் போன குளிர்காலத்தில் நடந்தது. அழைக்காமலேயே துணை ஆளுநர் வந்தார். பர்ஜஸ் அவரை முதல் இடத்தில் உட்கார வைத்துத் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தான். துணை ஆளுநர் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் கம்பளத்தின் மேல் வைத்தார். விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். கேட்டதைக் கொடுக்கும்வரை குடிக்க மாட்டார். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரனுக்கு அது பெரிய அவமானம்.

“அபூ துகைல், அந்தக் காகிதத்தை முடிச்சுடலாம்” என்றார். “பாஸ்போர்ட்டு, கடை, எல்லாம் நாளைக்கே கைக்கு வரும். கல்யாண நாள்ல நான் கேக்கறேன்.”

பர்ஜஸ் குனிந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தான். ஆறிய காபியை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக ஊற்றி மறுபடி நீட்டினான்.

“ஆறிப்போச்சு, இது சூடா இருக்கு. இதுவும் ஆறினா இன்னொண்ணு ஊத்தறேன். பொழுது விடியற வரைக்கும் ஊத்தறேன். உங்களுக்கு என் வீட்டுல எது வேணுமோ எடுத்துக்கங்க. அந்தக் கையெழுத்து மட்டும் இல்ல.”

துணை ஆளுநர் வாங்கிக் கீழே வைத்தார். அவன் அதையும் எடுத்துக் கொட்டிவிட்டு ஊற்றினான். மறுபடியும். முகத்தில் கோபம் துளியுமில்லை, புன்னகைதான். இதற்குள் முழு ஆட்டோடு சோற்றுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசனை கூடத்தை நிறைத்தது. விருந்தாளி தொடாமல் மற்றவர் யாரும் சாப்பிட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் நெளிந்தார்கள். கடைசியில் துணை ஆளுநர் பெருமூச்சு விட்டுக் கிண்ணத்தை எடுத்தார், ஒரே மடக்கில் குடித்தார், போதும் என்று கிண்ணத்தை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

நடந்ததை யார் போய்ச் சொன்னார்களோ, பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து குலவை எழுந்தது. முதல் குரல் துர்ஃபாவினுடையது என்று என் மனைவி சொன்னாள். பர்ஜஸ் கையைக் கழுவிக்கொண்டு, ஆட்டின் நல்ல பாகமாகப் பிய்த்துத் துணை ஆளுநரின் முன்னால் வைத்தான்.